பைபோலார் வந்தவர் நன்றாகிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. பைபோலார் என்று சொல்லி லித்தியம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், வேலைக்கும் போகிறாள். "இனி எதற்கு மாத்திரை, வரன் பார்க்கிற நேரத்தில் இதெல்லாம் வேண்டாம்" என்கிறார்கள் வீட்டில். இந்த நோயிலிருந்து முழுசாக வெளியே வர முடியுமா?

பதில்:

எனக்கும் பைபோலார்தான். சில காலம் அடியோடு சோர்வு, சில காலம் அளவுமீறிய உற்சாகம் என்று மனநிலை மாறி மாறி வரும் நோய். கல்லூரிக் கடைசி வருடத்தில் ஆரம்பித்தது. இப்போது நாற்பதை நெருங்குகிறேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு பார்க்கிறேன், கல்யாணமாகி ஒரு மகன் இருக்கிறான். ஆகவே, வெளியே வர முடியுமா என்றால், முடியும். ஆனால் மாத்திரை விஷயத்தில் உங்கள் வீட்டார் சொல்வதற்கு நேர் எதிராகத்தான் என்னால் சொல்ல முடியும். தங்கை நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் அடுத்த சில மாதங்களுக்குள்ளேயே நோய் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். குறைப்பதானாலும் மாற்றுவதானாலும் டாக்டர் சொல்லி, மெதுவாகத்தான் செய்ய வேண்டும்.

எனக்கு முதலில் வந்தது சோர்வு. தலைவார எழுந்து உட்காரக்கூட முடியாமல் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். டிப்ரெஷன் என்று ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் எழுந்துவிட்டேன், ஆனால் அத்தோடு நிற்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சமையலறை டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துக் கழுவி, ஒவ்வொன்றின் மேலும் பேர் எழுதி ஒட்டினேன். விடிவதற்குள் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு, பள்ளிக்கூடம் கட்டப் போகிறேன், பணம் தாருங்கள் என்றேன். துளி தூக்கம் இல்லை, துளி அசதியும் இல்லை. அம்மாவுக்கு முதலில் சந்தோஷம், பிள்ளை பழையபடி சுறுசுறுப்பாகிவிட்டாளே என்று. பைபோலார் உள்ளவருக்கு டிப்ரெஷன் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு இப்படி மேனியா, அதாவது அளவுமீறிய உற்சாகம், கிளம்பிவிடும். பலருக்கும் நோய் சோர்விலிருந்தே தொடங்குவதால், சரியான பெயர் கண்டுபிடிக்கவே வருடங்கள் ஓடிவிடுகின்றன. உங்கள் தங்கைக்கு 24 வயதிலேயே தெரிந்துவிட்டது பெரிய விஷயம்.

லித்தியம் ஒரு உப்பு. மேனியாவுக்கு அது வேலை செய்கிறது என்று 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் எழுதினார். இத்தனை புது மருந்துகள் வந்த பிறகும் அது இன்னும் முன்வரிசையில்தான் இருக்கிறது, தற்கொலை அபாயத்தையும் குறைக்கிறது. ஆனால் உதவுகிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையில் இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அளவு சரியாகத் தெரியும். நான் முந்தைய இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு, மறுநாள் காலை மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு லேபுக்குப் போவேன். ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுத்த கையோடு அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கிவிடுவேன். தைராய்டு, கிட்னி இரண்டையும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் பார்த்துவிட வேண்டும். எனக்குக் கை லேசாக நடுங்கும், தாகம் எடுக்கும். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பது பழகிவிட்டது.

இதில் நம் வீடுகளில் யாரும் சொல்லித் தராத சில விஷயங்கள் இருக்கின்றன. திடீரென்று உப்பைக் குறைத்தால் லித்தியம் உடம்பில் தேங்கி அளவு ஏறிவிடும். எனவே உப்பில்லா விரதம், தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் எல்லாம் தங்கைக்கு வேண்டாம். சாமிக்கு வேறு வகையில் செய்துகொள்ளலாம். கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி பேதி வந்தாலோ அப்படியேதான், உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் அளவை ஏற்றிவிடும். கை நடுக்கம் வழக்கத்தைவிட அதிகமாகி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மாத்திரை பாதிதான். மீதி, கூட இருக்கிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது. 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோருடனோ மனைவியுடனோ இருந்தவர்களைவிட, வாடகை அறையிலோ உடன்பிறந்தவர்களுடனோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். பாசம் குறைவு என்பதல்ல காரணம். சதா குறை சொல்வதும், எந்நேரமும் கண்ணிலேயே வைத்துக் காப்பதும் நோயைத் திரும்பக் கூப்பிடுகின்றன என்று அதைத் தொடர்ந்த ஆய்வுகள் காட்டின. பிற்பாடு பைபோலாரிலும் இதையே கண்டார்கள். நீங்கள் உடன்பிறந்தவர் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது அக்கா. நான் தெளிவாக இருந்த காலத்தில் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். என் தூக்கத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. இரண்டு ராத்திரி தொடர்ந்து தூக்கம் குறைந்தும் நான் அசராமல் இருந்தால், என்னிடம் அனுமதி கேட்காமலே டாக்டருக்கு போன் செய்வாள், ஏடிஎம் கார்டு அவளிடம் போய்விடும். அதற்குப் பதிலாக அவள் ஒன்றை விட்டுக்கொடுத்தாள்: நான் கோபப்பட்டால் "மாத்திரை போட்டியா?" என்று கேட்க மாட்டாள். இந்தக் கேள்வி எவ்வளவு சுடும் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. பால் பொங்கி வழிந்ததற்கு எரிச்சல் பட்டாலும், நியாயமான காரணத்துக்கு அழுதாலும், எல்லாம் நோய்க்கணக்கில் போய்ச் சேரும். தங்கையை அப்படிக் கேட்காதீர்கள். இந்த மாதிரி ஏற்பாட்டுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. முடியாமல் போகும் நாளில் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்திருக்கிறது.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு ஒருமுறை தூக்கம் போனது. கைக்குழந்தை உள்ள வீட்டில் யாருக்குத்தான் தூக்கம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அக்கா மட்டும் விடவில்லை. குழந்தை தூங்கும்போதும் நான் துணி மடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்ததை அவள் கவனித்தாள். அன்றே டாக்டரிடம் போனோம். மருந்தை மாற்றி, ராத்திரிப் பாலை அம்மா பார்த்துக்கொண்டாள். அட்மிட் ஆகாமலே சரியானது. குணமாவது என்றால் எனக்கு இதுதான். நோய் எட்டிப் பார்க்கும், வீடு முழுக்க அதன் கைக்குப் போகாது.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மறைத்துக் கட்டிக் கொடுத்தால் மாத்திரை அட்டையையும் மறைத்தாக வேண்டும். புது வீடு, விருந்து, அலைச்சல், ராத்திரி தூக்கமின்மை எல்லாம் சேரும் அந்த வாரங்களில்தான் மாத்திரை விட்டுப்போகும். நிச்சயத்துக்கு முன்பே என் கணவரிடம் நானே சொன்னேன். அவர் யோசிக்க நேரம் கேட்டார், பிறகு என்னோடு டாக்டரிடம் வந்து தன் சந்தேகங்களையெல்லாம் கேட்டார். அதற்கு முன் ஒரு வரன் இதைக் கேட்டதும் விலகிப் போனது, வலித்தது. ஆனாலும் மாத்திரையை ஒளித்து விழுங்கும் வாழ்க்கையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. குழந்தை பெற நினைக்கும்போது முன்கூட்டியே டாக்டரிடம் பேசி மருந்தைத் திட்டமிட வேண்டும். குறிப்பாக, பைபோலாருக்குக் கொடுக்கிற வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது என்பதை நினைவில் வையுங்கள்.

செலவு சிரமம் என்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அடுத்த ரிவ்யூவுக்குத் தங்கையோடு நீங்களும் போங்கள். எவ்வளவு காலம் மாத்திரை வேண்டும் என்ற உங்கள் வீட்டுக் கேள்வியை அங்கே டாக்டரிடமே கேளுங்கள், முடிந்தால் அப்பா அம்மாவையும் கூட்டிப் போய். ஆனால் அவர்கள் உள்ளே வருவதற்கு முன், டாக்டரிடம் கொஞ்ச நேரம் அவள் தனியாகப் பேசட்டும்.