தோப்பில் நிற்கும் கேபின் வீட்டுக்கு என்ன பாதுகாப்பு?

கேள்வி: ஒடுகத்தூர் அருகே எங்கள் மாந்தோப்பில் 20 அடி போர்ட்டபிள் கேபின் (இடம் மாற்றக்கூடிய இரும்பு அறை) ஒன்றை இறக்கி வீடு போல அமைத்திருக்கிறோம். குடும்பம் வேலூர் சத்துவாச்சாரியில். சனி, ஞாயிறு மட்டும் அங்கே தங்குவோம். வீட்டையே தூக்கிப் போய்விடுவார்களோ என்று அப்பா பயப்படுகிறார். கேமரா வைத்தால் போதுமா?

பதில்: அப்பாவின் பயம் சுலபமாகத் தீர்ந்துவிடும். அந்த அளவு கேபினைத் தூக்க ஹைட்ரா கிரேனும் லாரியும் வேண்டும். சத்தமில்லாமல் நடக்கிற வேலை இல்லை அது. இருந்தாலும், கேபின் வெறும் கற்கள் மேல் உட்கார்ந்திருந்தால் நான்கு மூலையிலும் கான்கிரீட் பீடம் போடுங்கள். அதில் பதித்த இரும்புத் தகட்டோடு அடிச்சட்டத்தைச் சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டால் பலத்த காற்றுக்கும் அசையாது.

உண்மையான ஆபத்து உள்ளே இருக்கும் பொருள்களுக்குத்தான். கேமராவை முதல் செலவாக வைக்காதீர்கள். ஆள் இல்லாத தோப்பில் கேமரா சத்துவாச்சாரிக்குச் செய்தி அனுப்பும். நீங்கள் வண்டி எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் வந்தவன் வேலையை முடித்துவிடுவான். முதலில் அவனுடைய வேலை நீள வேண்டும். அதற்கு வெல்டிங் பட்டறைக்குப் போங்கள்.

கதவைத் திறந்து கீலைப் பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் கீல் வெளியே தெரியும். பல கேபின்களில் அது வெறும் ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றிவிடலாம். ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, தலை வழவழப்பான போல்ட்டை வெளியிலிருந்து செலுத்தி உள்ளே நட்டுப் போட்டு இறுக்குங்கள். கீலின் ஊசி மேலும் கீழும் கழன்று வராதபடி ஒரு பொட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். பூட்டு விஷயத்தில், வளையம் நீளமாக வெளியே தெரியும் பூட்டைத் தவிருங்கள், எவ்வளவு விலையானாலும் சரி. கொண்டியையும் பூட்டையும் மூடும்படி தடிமனான தகட்டில் ஒரு பெட்டி வெல்டிங் செய்து, சாவி நுழையும் அளவுக்கு மட்டும் அடியில் வழி விட்டால் கம்பி வெட்டும் கருவிக்குப் பிடி கிடைக்காது.

ஜன்னல் இதைவிட மோசம். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் மேலே தூக்கித் தடத்திலிருந்து கழற்ற முடியும். மேல் தடத்தில் ஒரு ஸ்க்ரூவைப் பாதி வெளியே நிற்கும்படி முடுக்கினால் கண்ணாடி மேலே எழும்பாது. அதோடு உள்பக்கம் 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பியில் கிரில் போடுங்கள். கிரில்லைச் சுவரின் மெல்லிய ஷீட்டில் ஸ்க்ரூ அடித்து மாட்டினால் பயனில்லை. கேபினின் இரும்புச் சட்டத்தோடு வெல்டிங் வைக்க வேண்டும்.

ஒரு ஜன்னல் கிரில்லை மட்டும் கதவு போலத் திறக்கும்படி செய்து, அதன் சாவியை உள்ளே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள். கேபின் சுவரில் இரண்டு மெல்லிய ஷீட்டுக்கு நடுவே நுரை இருக்கும். தீப்பிடித்தால் புகை மிக வேகமாகப் பரவும். திருடனுக்காக அடைத்த வழி உங்கள் பிள்ளைகளையும் அடைத்துவிடக் கூடாது. இதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

வேலூர் வெயிலில் இரும்புக் கேபின் கொதிக்கும். சித்திரை, வைகாசியில் கதவைத் திறந்து போட்டுத்தான் தூங்கத் தோன்றும். அதனால் உள்பக்கம் கொசுவலை வைத்த ஒரு கிரில் கதவும் வேண்டும்.

இவ்வளவு செய்தும், அந்தச் சுவரைக் கட்டிங் மெஷினால் அறுக்க முடியும். ஆகவே அறுத்து உள்ளே வந்தாலும் எடுத்துப் போக ஏதும் இருக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரி, கேஸ் சிலிண்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், செம்புக் கேபிள் இவைதான் உடனே காசாகும். சிலிண்டரை ஞாயிறு மாலை கையோடு எடுத்து வந்துவிடலாம். பேட்டரிக்கு, காற்றோட்டத்துக்கு இடம் விட்டு இரும்பு ஆங்கிளில் கூண்டு செய்து அடிச்சட்டத்தோடு போல்ட் போடுங்கள். போர்வெல் மோட்டார் கேபிளைக் குழாய்க்குள் விட்டு மண்ணில் புதைப்பது நல்லது. ஜன்னல் திரையை முழுக்க மூடாமல், உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும்படி கொஞ்சம் திறந்தே விடுங்கள்.

கேமரா அப்புறம்தான். சிம் போடும் சோலார் கேமரா வாங்குமுன் தோப்பில் எந்த சிம்முக்குச் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று நின்று பாருங்கள். ஜவ்வாது மலையடிவாரத்தில் சில இடங்களில் ஒன்றுமே எடுக்காது. பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் மட்டும் இருந்தால் கேமராவோடு அதுவும் போய்விடும். இணையம் வழியாக வெளியே உள்ள சர்வரிலும் சேமிக்கும் வகையாக வாங்குங்கள்.

கேமராவின் செய்தி உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து நிலத்துக்காரருக்கும் போக வேண்டும். இரவில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் பார்த்துக்கொள்வதற்கு ஈடாக எதுவும் இல்லை. காய்ப்புக் காலத்தில் அவர் வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் போகட்டும். வெளியூர் போகும்போது உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

காப்பீடு எடுப்பதாக இருந்தால் கவனம். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கானது. அப்படி ஒரு சேதம் நடந்து 7 நாட்களுக்குள், அதனால் ஏற்படும் திருட்டுக்கு மட்டுமே அதில் இடமுண்டு. வீடு உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாலிசி வேண்டும். கேபினை வீடாக ஏற்பார்களா, ஆள் இல்லாத நாட்களில் செல்லுமா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எப்போதாவது கதவு உடைந்திருப்பதைக் கண்டால் உள்ளே போகாதீர்கள், எதையும் தொடாதீர்கள். 112க்குச் சொல்லிவிட்டு வெளியே நின்று படம் எடுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பேட்டரி, மோட்டார், டிவி இவற்றின் சீரியல் எண்களையும் பில்களையும் இந்த வாரமே செல்போனில் படம் பிடித்து வைத்தால், அந்தப் புகாரோடு அப்படியே சேர்த்துக் கொடுக்கலாம்.