தென்னந்தூரைப் பிடுங்க மினி டிராக்டர் போதுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பேராவூரணி பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். கஜா புயலில் முறிந்த மரங்களின் தூர் 14 அப்படியே கிடக்கிறது. போன இரண்டு வருடத்தில் பட்டுப்போன 9 மரங்களை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டேன். அந்த ஒன்பதும் அடியில் காவி நிறச் சாறு வடிந்து, மட்டை தொங்கித்தான் பட்டன. என்னிடம் இருப்பது 24 ஹெச்.பி. மினி டிராக்டர், கவிழ்வுத் தடுப்புக் கம்பி கிடையாது. டாப் லிங்க்கில் (பின்னால் கருவி மாட்டும் மூன்று புள்ளியில் மேல் கம்பி) சங்கிலி மாட்டி ஒரு தூரை இழுத்தேன். முன்சக்கரம் இரண்டடி தூக்கிவிட்டது. டீலர், தூரைச் சீவித் தூளாக்கும் ஸ்டம்ப் கிரைண்டரோ, டிராக்டரின் பின்னால் மாட்டித் தோண்டும் மினி பேக்ஹோவோ வாங்கச் சொல்கிறார். ஆசிட் ஊற்றினால் இற்றுவிடும் என்கிறார் இன்னொருவர். எது சரி? அதே குழியில் ஆடியில் கன்று வைக்கலாமா?

பதில்: இனி எந்தக் காரணத்துக்காகவும் டாப் லிங்க்கில் சங்கிலி மாட்டாதீர்கள். இழுக்கும் புள்ளி பின் அச்சுக்கு மேலே இருந்தால், தூர் அசைய மறுக்கும் நொடியில் சக்கரம் நின்றுவிடும், வண்டி அச்சைச் சுற்றிப் பின்பக்கமாகப் புரளும். உங்களுக்குக் கிளட்சை மிதிக்க நேரம் கிடைத்தது. அடுத்த முறை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சங்கிலி மாட்ட ஒரே இடம் அச்சுக்குக் கீழே இருக்கும் டிராபார் என்ற இழுவைப் பட்டைதான்.

டிராபாரில் மாட்டினாலும் 24 ஹெச்.பி. வண்டி முழுத் தூரைப் பிடுங்காது. இழுப்பது ஹெச்.பி. அல்ல, எடை. உங்கள் வண்டி சுமார் ஒரு டன் என்றால், காய்ந்த தரையில் அதன் இழுவை அரை டன்னிலிருந்து முக்கால் டன்தான். ஈரத்தில் அதுவும் இல்லை. தென்னைக்கு ஆணிவேர் இல்லை. ஆனால் தூரின் குமிழிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள் விரல் கனத்தில் நாலாபுறமும் ஓடும். அவற்றை அறுக்காமல் இழுப்பது வண்டியைக் கெடுக்கும் வேலை.

முதலில் தூரைச் சுற்றி ஓரடி தள்ளி, இரண்டரை அடி ஆழத்துக்கு மம்பட்டியால் வாய்க்கால் போல எடுங்கள். தெரியும் வேரையெல்லாம் கோடாலியால் வெட்டுங்கள். மண் இறுகியிருந்தால் வாய்க்காலில் தண்ணீர் கட்டி ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் ஆள் இறங்கலாம். டிராக்டர் நிற்கும் பக்கம் மட்டும் நனையக் கூடாது. பிறகு பழைய டிராக்டர் வீல் ரிம் ஒன்றைத் தூரை ஒட்டி நிமிர்த்தி வையுங்கள். சங்கிலியைத் தூரின் அடியில் சுற்றி, ரிம்முக்கு மேலாகக் கொண்டுவந்து டிராபாரில் மாட்டுங்கள். லோ முதல் கியரில் மெதுவாக நகர்த்தினால் ரிம் உருளும். கிடையாக இழுக்கும் விசை தூரை மேல்நோக்கித் தூக்கும் விசையாக மாறும். சாதாரணமாக இழுத்து அசையாத தூர் இதில் கிளம்பும். சங்கிலி தொய்வாக இருக்கும்போது பாய்ச்சி இழுக்காதீர்கள். கிரேடு 80, 10 மி.மீ. சங்கிலி 3.15 டன் வரை தாங்கும். அதைவிட மெலிந்த பழைய கிணற்றுச் சங்கிலி அறுந்து முதுகில் அடிக்கும். இழுக்கும் கோட்டில் ஆள் யாரும் நிற்கக் கூடாது.

இனி மரம் வெட்ட நேர்ந்தால் நாலடி விட்டு வெட்டுங்கள். முழங்கால் உயரக் கட்டையில் நெம்புகோல் போய்விட்டது.

கிரைண்டர், பேக்ஹோ இரண்டையும் வாங்க வேண்டாம். கிரைண்டர் தரைக்குக் கீழே ஓரடிக்கு மேல் போவது அரிது. தென்னை நார் அச்சில் சுற்றும், வேரோடு ஒட்டிய மணல் பல்லை மழுக்கும். 24 ஹெச்.பி.யில், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வுக்கு வந்து சேரும் சக்தியும் அந்த வேலைக்குக் குறைவு. மினி பேக்ஹோவை வண்டியின் நீளத்துக்குத் தனி சப்ஃபிரேம் (தாங்கும் இரும்புச் சட்டம்) இல்லாமல் மூன்று புள்ளி இணைப்பில் மட்டும் மாட்டிக் கொடுத்தால், தோண்டும் விசை முழுவதும் கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் விழுந்து அது விரிசல் விடும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். 23 தூருக்காக ஓர் இணைப்புக் கருவி வாங்கச் சொல்வது உங்கள் நலனுக்கான யோசனை அல்ல. ஜேசிபியை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்தால் இரண்டு நாளுக்குள் எல்லாம் வெளியே கிடக்கும்.

ஆசிட் வீண் செலவு. தென்னை வெட்டினால் துளிர்க்காது. செத்த தூரைச் சாகடிக்க மருந்து எதற்கு? மண்தான் கெடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்த ஒன்பது மரம் ஏன் பட்டது என்பது. அடியில் சாறு, தொங்கும் மட்டை, இரண்டும் சேர்ந்தால் தஞ்சாவூர் வாடல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் மாவட்டத்தில் தென்பட்டதால் வந்த பெயர் அது. காரணம் கானோடெர்மா பூஞ்சை. மழைக்காலத்தில் தூரின் அடியைப் பாருங்கள். அரைவட்டத் தட்டு போல, மேலே வார்னிஷ் பூசியது போன்ற செம்பழுப்புக் காளான், ஓரத்தில் வெள்ளை விளிம்பு. அது இருந்தால் சந்தேகமே வேண்டாம். பூஞ்சை தூரிலும் வேரிலும் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும்; பக்கத்து மரத்தின் வேரைத் தொட்டால் அங்கே ஏறும். கிரைண்டர் வேண்டாம் என்றதற்குப் பெரிய காரணம் இதுதான்: மேலே தூளாக்கித் தோப்பெல்லாம் இறைத்துவிட்டு, கீழே வேரை விட்டுவிடும்.

ஆகவே வேலையை இந்த ஒன்பதில் தொடங்குங்கள். தூரோடு வேரையும் பொறுக்கி எடுக்க வேண்டும். மண்ணைச் சலிப்பது போல விரல் கன வேர் வரைக்கும் எடுங்கள். கருவிக்குப் போக இருந்த பணத்தை இந்தக் கூலிக்குக் கொடுங்கள், தோப்பு பிழைக்கும். தூரை நல்ல மரங்களுக்கு நடுவே இழுத்துப் போகாமல் குழி ஓரத்திலேயே நாலாகப் பிளந்து, கவிழ்த்துக் காயவைத்து, அங்கேயே எரியுங்கள். எருக்குழிக்கும் வாய்க்கால் கரைக்கும் போகவே கூடாது. குழியைக் கோடை முழுவதும் வெயிலில் திறந்து போடுங்கள்.

ஒன்பதையும் ஒட்டி நிற்கும் நல்ல மரங்களுக்கு, மரத்துக்கு 40 லிட்டர் ஒரு சத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த செம்பு மருந்து) தூரைச் சுற்றி ஊற்றுங்கள். ஒரு மாதம் கழித்து 50 கிலோ தொழு உரத்தில் 200 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை, கூடவே 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு. போர்டோவையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே நாளில் போடாதீர்கள், போர்டோவின் செம்பு டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். சாறு வடியும் மரம் இன்னும் இருந்தால், நாலடி தள்ளி இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் சுற்றிப் பள்ளம் எடுத்துத் தனிமைப்படுத்துங்கள். தோப்பு முழுக்க ஒரே பாய்ச்சலாகத் தண்ணீர் விடுவதை நிறுத்தி, மரத்துக்கு மரம் வட்டப்பாத்தி கட்டுங்கள். ரோட்டவேட்டரை அந்தப் பகுதிக்குள் விட வேண்டாம்.

கஜா தூர் 14-ம் வேறு கதை. அவை உள்ளே இற்று, காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடமாகியிருக்கும். கடப்பாரையால் உடைத்தால் வெள்ளைப் புழு உருளும். பொறுக்கி அழித்துவிட்டு, மிச்சத்தை எரியுங்கள்.

அதே குழியில் ஆடியில் கன்று வைக்காதீர்கள். 25 அடி இடைவெளித் தோப்பில், நாலு பழைய தூருக்கு நடுவே வைத்தால் எல்லாவற்றிலிருந்தும் பதினேழரை அடி தள்ளி விழும். நடுவே வாழை ஊடுபயிர் போடுங்கள், வாடல் குறையும்.

வண்டியை அடுத்து எடுக்குமுன் டாப் லிங்க் பிராக்கெட்டின் போல்ட்டுகளையும், அது பின் ஹவுசிங்கில் சேரும் இடத்தையும் துடைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசலோ எண்ணெய்க் கசிவோ தெரிந்தால், மெக்கானிக் பார்க்கும்வரை ஹைட்ராலிக்கில் எதையும் தூக்காதீர்கள்.