மனசு சோர்ந்திருக்கும்போது உடம்பை அசைப்பது பற்றி: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பதினாறு வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள், மீதிப் பேர் பள்ளிக்கூடத்தை விட்டபின் ஒரு பந்தைக்கூடத் தொடாதவர்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: அக்கா, நாலு மாசமா எதிலும் பிடிப்பே இல்லை. காலையில் கட்டிலை விட்டு எழுந்திருப்பதே பெரிய வேலையா இருக்கு. எல்லாரும் "எக்சர்சைஸ் பண்ணு, சரியாகும்" என்கிறார்கள். பண்ண முடிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கப் போறேன்?

உங்கள் கோபம் நியாயமானது. மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வதே ஒரு வேலையைத் தொடங்கும் தெம்பைத்தான். அந்தத் தெம்பு இருந்தால்தான் செய்ய முடிகிற மருந்தை அது இல்லாதவரிடம் நீட்டினால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். "மனசு வந்ததும் நடக்கலாம்" என்று காத்திருந்தால் இந்த நிலையில் மனசு வராது. உடம்பு முன்னால் போக வேண்டும், மனசு பின்னால் மெதுவாக வரும். அதனால் "அரை மணி நேரம் நடங்கள்" என்று உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு முதல் வாரம் நான் கொடுத்த வேலை, காலையில் ஷூவை மாட்டி, கயிறு கட்டி, வாசலில் நிற்பது. அவ்வளவுதான். நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். மூன்று நாள் அப்படியே செய்தார். நாலாம் நாள் தெருமுனை வரை போய்த் திரும்பினார். "கட்டிய ஷூவைச் சும்மா அவிழ்க்க ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். ஆறாவது வாரத்தில் இருபது நிமிடம் நடந்துகொண்டிருந்தார்.

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். முதல் நாள் இரவே ஷூவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்று, நாலு மாதம் என்பது நீண்ட காலம். நடையைத் தொடங்கும் அதே வாரத்தில் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். ஒன்று பலன் தருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஓடினால் எண்டார்ஃபின் சுரக்கும், அதனால்தான் சந்தோஷம் என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை. எண்டார்ஃபின், அதாவது வலியைக் குறைக்க உடம்பே தயாரிக்கும் பொருள், சுரக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் எளிதில் மூளைக்குள் நுழையாது. ஓடியபின் வரும் லேசான மிதப்புக்கு அதுதான் காரணமா என்று பார்க்க 2021-இல் ஒரு ஆய்வு நடந்தது. 63 பேரில் ஒரு பகுதியினருக்கு எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து 45 நிமிடம் ஓடவிட்டார்கள். தடுத்தபோதும் அந்த இதம் வந்தது, பதற்றமும் குறைந்தது. எண்டோகன்னபினாய்டு என்று உடம்பே தயாரிக்கும் இன்னொரு வகைப் பொருளின் மீதுதான் இப்போது அதிகக் கவனம். அது எளிதாக மூளைக்குள் போகும்.

ஆனால் அந்த மிதப்பு ஒரு மணி நேரச் சமாச்சாரம். எனக்கு முக்கியமாகப் படுவது மாதக்கணக்கில் நடப்பது. 2011-இல் வெளிவந்த ஆய்வில் 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரில் ஒரு பாதியினரை வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை, ஒரு வருடம் நடக்க வைத்தார்கள். நினைவாற்றலுக்கும் மனநிலைக்கும் முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி அவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது கொஞ்சம் சுருங்கியிருந்தது. வயதானால் சுருங்கத்தான் செய்யும் என்று நாம் கைவிட்ட ஒரு பகுதி நடையால் வளர்ந்தது என்பதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

கேள்வி: வாரத்துக்கு எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில், அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமாக. கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். ஒரு சில வார்த்தைகளுக்கு மேல் பேச மூச்சு இடம் தராவிட்டால் தீவிரம்.

இந்த எண்ணைப் பார்த்து மலைத்துப்போய் ஒன்றுமே செய்யாமல் இருக்காதீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வெளியிட்ட கணக்கில், இதில் பாதி அளவு செய்தவர்களுக்கே மனச்சோர்வு வரும் வாய்ப்பு 18 சதவீதம் குறைவாக இருந்தது, முழு அளவுக்கு 25 சதவீதம். ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கொஞ்சத்துக்கு வரும்போதுதான் லாபம் பெரிது.

கேள்வி: வீட்டு வேலை முழுக்க நான்தான் செய்கிறேன். அது போதாதா மேடம்?

உடம்புக்கு அது கணக்கில் வரும். மனசுக்கு முழுதாக வராது. விரும்பிச் செய்யும் அசைவுக்கும், கடமைக்காக, யாரும் நன்றி சொல்லாமல் செய்யும் அசைவுக்கும் மனநிலையில் வித்தியாசம் தெரிகிறது. உங்களுக்கு இன்னொரு வேலையைக் கூட்டச் சொல்லவில்லை. இருக்கிற வேலையில் ஒன்றை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொண்டு, அந்த இருபது நிமிடத்தை உங்களுக்குத் தர வேண்டும். இதை அவர்களிடம் படித்துக்காட்டுங்கள்.

கேள்வி: மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் ஓட ஆரம்பித்துவிட்டால் நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயே திரும்பலாம்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் 1999-இல் வந்த ஓர் ஆய்வு இருக்கும். மனச்சோர்வு இருந்த, 50 வயது தாண்டிய 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு செர்ட்ராலின் மாத்திரை, ஒன்றுக்கு இரண்டும். 16 வாரத்தில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. ஆனால் மாத்திரைக்காரர்களுக்கு ஆரம்பத்தில் குணம் சீக்கிரம் தெரிந்தது. பயிற்சி செய்தவர்களும் தனியாகச் செய்யவில்லை. வாரம் மூன்று முறை, குழுவாக, மேற்பார்வையில் செய்தார்கள். இந்த இரண்டு விஷயமும் அதைப் பகிர்கிறவர்கள் கையில் காணாமல் போய்விடுகிறது.

மனநிலை அதிகமாக ஏறி இறங்குவதைக் கட்டுப்படுத்தத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதிகம் வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஆபத்தான எல்லைக்கு ஏறக்கூடும். கடும் பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: படி ஏறினாலே நெஞ்சு படபடக்குது, உடனே செத்துப்போயிடுவேன்னு பயம் வந்துடுது மேடம். இதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு எப்படி உடற்பயிற்சி?

டாக்டரைப் பார்த்துவிட்டது நல்லது தம்பி. அது முதல் படி. இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்தத் தொல்லைக்கு உடற்பயிற்சி பொருந்துகிற மாதிரி வேறு எதற்கும் பொருந்துவதில்லை.

வேகமான இதயத் துடிப்பு, வியர்வை, மூச்சிரைப்பு. பீதி வரும்போதும் இவைதான், ஓடும்போதும் இவைதான். உங்கள் மூளை இந்த மூன்றையும் "ஆபத்து" என்று படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அதனால் நீங்கள் படியைத் தவிர்க்கிறீர்கள். தவிர்க்கத் தவிர்க்க, மூளை தான் படித்தது சரி என்றே நம்புகிறது. அதே அறிகுறிகளை நீங்களே, சின்ன அளவில், வேண்டுமென்று வரவழைத்து, அது தானாக அடங்குவதைக் கூட இருந்து பார்க்க வேண்டும்.

உங்களைப் போன்ற ஒரு இளைஞரோடு ஒரு மாடிப்படியில் இதைச் செய்தேன். ஒரே ஒரு மாடி ஏறினோம். மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடிக்கு நாடியை எண்ணச் சொன்னேன். 34. முகம் வெளுத்துவிட்டது, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "உட்கார வேண்டாம், இறங்க வேண்டாம், எண்ணுவோம்" என்றேன். ஒரு நிமிடம் கழித்து 27. மூன்று நிமிடம் கழித்து 21. "மேடம், அதுவா இறங்குது" என்றார். நான் இருபது முறை விளக்கியும் போகாத பயத்தில் ஒரு பகுதி அந்தப் படியிலேயே போனது. பிறகு வாரம் நாலு முறை, ஒரு மாடி, இரண்டு மாடி என்று கூட்டினோம்.

முதல் சில தடவை பயம் வரும். அதற்காகப் பாதியில் இறங்கிவிடாமல் இருக்க, பக்கத்தில் ஒரு ஆலோசகரோ நம்பிக்கையான ஆளோ இருக்கட்டும்.

கேள்வி: ராத்திரி பயிற்சி செய்தால் தூக்கம் கெடுமா?

படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மூச்சிரைக்கச் செய்தால் கெடலாம். மற்றபடி பெரும்பாலானவர்களுக்குத் தூக்கம் கூடத்தான் செய்கிறது.

கேள்வி: விளையாட்டு மனசுக்கு நல்லது என்றால் சாம்பியன்களுக்கு ஏன் மனச்சோர்வு வருகிறது?

28 ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய மைக்கேல் ஃபெல்ப்ஸ், ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்ததும் மனச்சோர்வில் விழுந்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தினமும் மணிக்கணக்கில் நீந்தியவர். அசைவு ஒன்று, போட்டி வேறொன்று. தான் யார் என்பதற்கு நேரக்கணக்கு மட்டுமே பதில் என்றாகும்போது, நீந்தித் தேடிய தெம்பை அந்த நெருக்கடி தின்றுவிடுகிறது. 12 லட்சம் அமெரிக்கர்களின் பதில்களை வைத்து 2018-இல் வந்த ஆய்விலும், மனநலத்துக்கு உதவுவதில் குழு விளையாட்டும் சைக்கிளும் முன்னிலையில் நின்றன. ஆனால் வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், 45 நிமிடம் செய்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்தவர்கள், ஒன்றும் செய்யாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள்.

கேள்வி: என் பையனுக்கு 14 வயது. அணியில் இடம் கிடைத்தும் இப்போது பயிற்சிக்குப் போக மாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். முதலில் காரணத்தைக் கேளுங்கள், அதுவும் நேருக்கு நேர் உட்கார வைத்து அல்ல. வண்டியில் போகும்போது, பாத்திரம் துடைக்கும்போது, கண்ணைப் பார்க்காமல் பேசக்கூடிய நேரத்தில். பயிற்சியாளர் கத்துகிறாரா, சக பிள்ளைகள் கேலி செய்கிறார்களா, மறைத்துவைத்த வலி ஏதும் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தால் அவன் வீட்டில் நிற்பது சரியான முடிவு.

எதுவுமில்லை, சலித்துவிட்டது என்றால், அணியை விடட்டும், அசைவை விட வேண்டாம். நண்பர்களோடு கணக்கு வைக்காமல் பந்தை உதைத்தாலும் போதும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடுவிலேயே விலகினார். 2024-இல் பாரிஸில் மூன்று தங்கத்தோடு திரும்பினார். திரும்பாமலே இருந்திருந்தாலும் அன்று விலகியது சரிதான். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அவன் ஆட்டத்தைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒருநாள் ஓடாவிட்டால் குற்ற உணர்ச்சி கொல்கிறது. காய்ச்சலிலும் ஓடினேன்.

இதை எழுதியதற்கு நன்றி. காய்ச்சலில் ஓடுவது, காயத்தை மறைப்பது, சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடுவது, இவை வந்துவிட்டால் ஓட்டம் உங்கள் கையில் இல்லை. மாதவிடாய் நின்றிருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். செலவழிக்கும் அளவுக்கு உடம்புக்குச் சாப்பாடு போகவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பும் தேயும். ஒரு சோதனை: இந்த வாரம் ஒருநாளை முன்கூட்டியே ஓய்வுநாள் என்று குறித்து வையுங்கள். அன்று என்ன தோன்றுகிறதோ அதை அப்படியே எழுதி ஒரு ஆலோசகரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: நண்பன் செத்துடலாம்போல இருக்குன்னு சொல்றான். ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

இப்போது ஜிம் வேண்டாம். அவனோடு இருங்கள். "தற்கொலை பற்றி யோசிக்கிறாயா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தீங்கு செய்யக்கூடியவற்றை அவன் கைக்கெட்டாமல் அகற்றுங்கள். குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லி, இன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ மனநல மருத்துவரிடமோ கூட்டிப்போங்கள். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. மனைவி போய் எட்டு மாதம். இரண்டு முழங்காலும் வலி. நாளெல்லாம் நாற்காலியில்தான். என் வயதில் இதெல்லாம் எதற்கு அம்மா?

ஐயா, நீங்கள் இழந்தது பெரிது. அதை எந்தப் பயிற்சியும் ஈடுகட்டும் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு 24 வயதில் முழங்கால் தசைநார் கிழிந்து ஓட்டம் நின்றது. அந்த மாதங்களில் எனக்குக் காலைவிட நாள்தான் கனமாக இருந்தது. விடிந்தால் எதற்கு எழுவது என்றே தெரியாது. அப்போது பிசியோதெரபிஸ்ட் தந்த முதல் பயிற்சியை உங்களுக்கும் சொல்கிறேன், அதற்கு நாற்காலியே போதும். சுவரை ஒட்டிப் போடுங்கள், நகரக் கூடாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நில்லுங்கள். மெதுவாக உட்காருங்கள். ஐந்து முறை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. தொடையில் வலு ஏறினால் முழங்கால் மீதுள்ள பாரமும் குறையும். வலி கூர்மையாகக் குத்தினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாலையில் செய்யும் ஐந்தை, உங்களோடு பேசக்கூடிய ஒருவர் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். பேரப்பிள்ளையோ, பக்கத்து வீட்டுக்காரரோ, அவர் எண்ணட்டும். இரண்டு வாரம் கழித்து எத்தனை முறை ஆனது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.