இரண்டாவது கேட்சர்

அன்புள்ள ஐயா,

பேஸ்பால் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டேவிட் ராஸ் என்பவரின் கணக்கைத் தேடிப் பார்த்தேன். 15 சீசன், ஏழு அணிகள், பேட்டிங் சராசரி .229, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 229 ஹிட். பெரும்பாலும் மாற்று கேட்சர் (கேட்சர் என்றால் கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி, வீசும் பந்தைப் பிடிப்பவர்). இவ்வளவு சுமாராக அடிப்பவரை எதற்கு இத்தனை வருடம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்? வெறும் அதிர்ஷ்டம்தானே?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

சராசரியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டாவது கேட்சரை அடிப்பதற்காக யாரும் எடுப்பதில்லை. ஆறு மாதத்தில் 162 ஆட்டம். ஒவ்வொரு பந்துக்கும் குத்தவைத்து உட்கார்ந்து எழும் வேலையை ஒரே ஆள் தினமும் செய்தால் முழங்கால் போய்விடும். இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் பகலிலேயே இன்னொன்று என்றால் பெரும்பாலும் மாற்று ஆளின் முறை. இது பாதிக் காரணம்தான். மீதி பிட்சரிடம், அதாவது பந்து வீசுபவரிடம், இருக்கிறது.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் டிம் வேக்ஃபீல்ட் என்று ஒருவர். நக்கிள்பால் வீசுபவர். பந்து சுழலாமல் வரும், எந்தப் பக்கம் நெளியும் என்று வீசியவருக்கே தெரியாது. அதைப் பிடிக்கப் பழகியவர் மாற்று கேட்சர் டக் மிராபெல்லி. 2005 இறுதியில் அவரை சான் டியேகோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த சீசனில் அந்த இடத்துக்கு வந்த ஜாஷ் பார்ட் முதல் மாதத்திலேயே பத்துப் பந்துகளைக் கோட்டைவிட்டார். பதறிப்போய் 2006 மே 1 அன்று மிராபெல்லியைத் திரும்ப வாங்கினார்கள். அன்று இரவே யாங்கீஸுடன் ஆட்டம், வீசுவது வேக்ஃபீல்ட். விமான நிலையத்திலிருந்து பாஸ்டனின் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு போலீஸ் வண்டியில் பறந்தார்; சீருடையைக் காருக்குள்ளேயே மாற்றிக்கொண்டார். ஒரு மாற்று ஆட்டக்காரருக்கு! நட்சத்திரங்களுக்கே இந்த மரியாதை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ராஸும் இதே ரகம்தான். ஜான் லெஸ்டர் அருமையான இடக்கை பிட்சர், ஆனால் முதல் பேஸுக்குப் பந்தை எறிய மட்டும் அவருக்குக் கை வராது. அங்கே நின்றுகொண்டு அடுத்த பேஸுக்கு நழுவி ஓடத் துடிக்கும் எதிரணியினரை அடக்கிவைத்தது ராஸின் கை. இருவரும் சிகாகோ கப்ஸ் அணிக்கு ஆடிய 2016இல், வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் லெஸ்டரை நடுவில் இறக்கியபோது கூடவே ராஸையும் இறக்கினார்கள். வந்தவுடன் பந்தைத் தப்பாக எறிந்து சொதப்பினார். அடுத்த இன்னிங்ஸில் பந்தை எல்லைக்கு வெளியே தூக்கியடித்து ஹோம் ரன், 39 வயதில். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம்.

அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். எரிக் கிராட்ஸ் என்ற இன்னொரு கேட்சரை 2002இல் ஒரு அணி தேர்ந்தெடுத்தது. மேஜர் லீக் எனும் உச்சநிலைப் போட்டியில் கால்வைக்க 2010 ஆனது, வயது 30. அந்த அழைப்பு வராமலே வீடு திரும்பியவர்கள்தான் அதிகம்.

அப்புறம், அந்த ஜாஷ் பார்ட். மிராபெல்லிக்குப் பதிலாக சான் டியேகோவுக்குப் போனவர், அதே சீசனில் அங்கே .338 அடித்தார். மிராபெல்லி .200ஐக்கூடத் தொடவில்லை. ஆனாலும் பாஸ்டன் அவரை 2007க்கும் வைத்துக்கொண்டது.