வீட்டுப்பாடத்தில் ஏஐ – கடிதம்

வணக்கம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். வீட்டுப்பாடத்தில் இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு தப்பும் வருவதில்லை. தேர்வு வைத்தால் அதே கணக்கில் பாதிப்பேர் தடுமாறுகிறார்கள். சாட்ஜிபிடியை அடியோடு தடை செய்ய வேண்டும் என்கிறார்கள் சக ஆசிரியர்கள் சிலர். ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கலாம் என்கிறது நிர்வாகம். எனக்கோ இதை வைத்துத் திருத்தும் வேலையைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று ஓர் ஆசையும் இருக்கிறது. கல்விக்கு இதனால் நன்மை அதிகமா, தீமை அதிகமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் வகுப்பில் நீங்கள் பார்ப்பதை ஓர் ஆய்வு எண்களோடு காட்டியிருக்கிறது. 2023-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை மூன்று பிரிவாக்கிக் கணிதப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். இரண்டாவதற்குச் சாட்ஜிபிடி போலவே இயங்கும் ஒரு கருவி. மூன்றாவதற்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் துணையோடு செய்த கருவி. பயிற்சியின்போது முதல் பிரிவைவிட இரண்டாம் பிரிவின் மதிப்பெண் 48 சதவீதமும் மூன்றாம் பிரிவினுடையது 127 சதவீதமும் கூடுதலாக இருந்தது. பிறகு கருவிகளை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். ஏஐயைத் தொடாத பிரிவைவிட இரண்டாம் பிரிவினர் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். மூன்றாம் பிரிவினர் முதல் பிரிவுக்குச் சமமாக நின்றார்கள், அவ்வளவுதான். (உங்கள் நிர்வாகத்திடம் யாராவது ஏஐ பயிற்றுநர் விற்க வந்தால் அந்த 127-ஐச் சொல்வார்கள், அடுத்த வரியைச் சொல்ல மாட்டார்கள்.) தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பது இரண்டாம் பிரிவு மாணவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் இதில் கவலை தருவது.

இதை வைத்து, கணினி சொல்லித்தருவதே வீண் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2011-ல் கர்ட் வான்லேன் என்ற ஆய்வாளர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். மாணவரின் ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் கணினிப் பயிற்றுநர்களின் விளைவளவு (கற்றலை எவ்வளவு உயர்த்தியது என்பதன் அளவீடு) 0.76, நேரில் உட்கார்ந்து சொல்லித்தரும் மனிதர்களுடையது 0.79. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அவை சாட்ஜிபிடி போன்ற இன்றைய சாட்பாட்கள் இல்லை. எந்தக் கணக்குக்கு எது சரியான வழி, பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டவை. சாட்பாட்டுக்கு அப்படி எதுவும் கையில் கிடையாது, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக்கொண்டே போகிறது. துருக்கி ஆய்வில் அந்தச் சாதாரணக் கருவி ஏறக்குறைய பாதி நேரம்தான் சரியான விடை தந்தது. மூன்றாம் பிரிவின் கருவிக்கு விடையையும் வழக்கமான தவறுகளையும் முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள்.

என் கணிப்பில் உங்கள் கேள்வி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: மாணவர் தானே முட்டி மோதிப் பார்த்த பிறகு ஏஐ வருகிறதா, அதற்கு முன்பே வந்துவிடுகிறதா?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 500 என்ற விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்குகிறது. இப்போது விலை என்ன? 'ஏறியதும் இறங்கியதும் சரியாகிவிட்டது, 500' என்று நினைக்கும் பையன் கேள்வியை அப்படியே ஒட்டினால், நான்கு வரியில் 480 என்று வந்துவிடும். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்வான். அவனுடைய தவறான எண்ணம் அப்படியே உள்ளே இருக்கும். அதற்குப் பதில் அவன் முதலில் நோட்டில் போட்டுப் பார்த்து, அந்த வரிகளைக் கொடுத்து, 'விடை சொல்லாதே, நான் தவறிய வரியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேள்' என்று எழுதட்டும். 'இரண்டாவது 20 சதவீதத்தை எந்தத் தொகைக்குப் போட்டாய்?' என்பதுபோல ஒன்று வரும். அவன் 600-க்குத் திரும்பிப் போய், 120-ஐக் கழித்து, 480-ஐத் தானே எட்டுவான்.

இதிலும் கோளாறு வரும். 'தெரியல, தெரியல' என்று இரண்டு மூன்று முறை அடித்தால் பெரும்பாலும் விடையைக் கொட்டிவிடும். 'இல்லை, நான் போட்டதுதான் சரி' என்று பிடிவாதம் பிடித்தால் சில நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒத்துக்கொள்ளும். அதனால் உங்கள் விடைக்குறிப்பையும், உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று வழக்கமான தவறுகளையும் சேர்த்து ஒரு ப்ராம்ப்ட் (ஏஐக்கு இடும் கட்டளை) எழுதி நீங்களே வகுப்புக்குக் கொடுங்கள். தமிழில் கேட்பதானால் பாடநூலின் கலைச்சொற்களையும் அதில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கும்.

தடை வேண்டாம் என்பேன், வீட்டில் அது செல்லுபடியாகாது. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியை முடக்கிவிட்டு மே மாதமே தடையை விலக்கிக்கொண்டன. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். மறுநாள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், அதே கணக்கில் எண்களை மட்டும் மாற்றிப் பலகையில் எழுதி, தாளில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மதிப்பெண் அதற்குத்தான். வீட்டில் யாரிடம் கேட்டார்கள் என்று துப்பறிய வேண்டிய தேவையே அப்புறம் இல்லை.

அந்த மென்பொருளை வாங்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதாதென்று ஜூலையில் அவர்களே எடுத்துவிட்டார்கள். நாற்பது பேரும் நேர்மையாக எழுதிய வகுப்பில் அந்த 9 சதவீதம் என்றால் மூன்று நான்கு பிள்ளைகள் திருட்டுப் பட்டம் வாங்குவார்கள். அவர்கள் யார் என்பதும் தற்செயல் இல்லை. இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் அடுத்த சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கக்கூடியது என்பதை அளக்கின்றன. குறைந்த சொல்வளத்தோடு இரண்டாம் மொழியில் எழுதுபவரின் நடை இயல்பாகவே ஊகிக்கக்கூடியதாக இருக்கும். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அவை ஏஐ எழுதியது என்றன. சந்தேகம் வந்தால் பையனைக் கூப்பிட்டு, 'இந்த வரி ஏன் வந்தது?' என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதில் கொஞ்சமும் தயங்காமல் நான் நன்மை என்று சொல்வது இரண்டு. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குப் படத்தையும் வரைபடத்தையும் சொற்களில் விவரிப்பது ஒன்று. உங்களைப் போன்றவர்களுக்கு வினா தயாரிப்பது இன்னொன்று. ஆனால் வெறுமனே 'நான்கு விருப்பங்களோடு கேள்வி கொடு' என்றால், மேலே சொன்ன கணக்குக்கு 470, 490, 510 என்று அர்த்தமில்லாத எண்களை அடுக்கும். 'ஒவ்வொரு தவறான விருப்பமும் ஒரு குறிப்பிட்ட தவறிலிருந்து வர வேண்டும், எந்தத் தவறு என்றும் எழுது' என்று கேளுங்கள். 500 (இரண்டும் அடிபட்டுவிடும் என்ற எண்ணம்), 600 (முதல் படியோடு நிறுத்தியது), 400 (ஏற்றத்தை மறந்து இறக்கத்தை மட்டும் போட்டது) என்று வரும். யார் எதைத் தேர்ந்தார் என்பதிலேயே யாருக்கு என்ன குழப்பம் என்று தெரிந்துவிடும். விடைகளை மட்டும் ஒன்றுவிடாமல் போட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்றிரண்டு தப்பாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

திருத்தும் வேலைக்கு வருவோம். ஒரே தாளை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு மதிப்பெண் வரலாம். கையெழுத்தில் 1-ஐ 7 என்று படிக்கலாம். சுற்றிவளைத்து நீளமாக எழுதியவருக்குத் தாராளமாகப் போடும் போக்கும் உண்டு. அப்படியும் முயன்று பார்ப்பதானால் பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துவிட்டு, படிநிலை மதிப்பெண் விவரத்தோடு, நீங்கள் ஏற்கனவே திருத்திய ஐந்து தாள்களை முதலில் கொடுங்கள்: நன்றாக எழுதியது, சுமார், மோசம் எல்லாம் கலந்து. எந்தக் கேள்வியில் உங்களோடு ஒரு மதிப்பெண்ணுக்குமேல் முரண்படுகிறதோ அதைக் கையாலேயே திருத்துங்கள். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் மதிப்பெண்ணை அதனிடம் கேட்கவே மாட்டேன். வகுப்பின் தொடக்கத்தில் வாங்கும் அந்த ஐந்து நிமிடத் தாள்களில் உள்ள தவறுகளை வகை பிரிக்கச் சொல்வேன்: குறி மாற்றியவர்கள், சூத்திரத்தைத் தவறாக எடுத்தவர்கள், கடைசிப் படியை விட்டவர்கள் என்று. அடுத்த வகுப்பில் எதைத் திரும்ப நடத்துவது என்று முடிவுசெய்ய அது போதும். எண்ணிக்கையை மட்டும் நீங்களே ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள், அது எண்ணுவதிலும் கோட்டை விடும்.