வங்கியிடம் விசுவாசம் எதற்கு, சார்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி வங்கி வேலையைப் பற்றி. நான் ஓய்வுபெற்ற பேங்க்காரன் என்கிற சங்கதி மலை முழுக்கப் பரவிவிட்டது போல. சரி, சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சார், எனக்கு வயது 29. அரசு வங்கியில் பி.ஓ.வாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து இப்போது ஸ்கேல் 2 மேனேஜர். அப்பாவும் பேங்க்தான், கிளார்க்காகச் சேர்ந்து அதே வங்கியில் மேனேஜராக ரிட்டயர் ஆனவர். எனக்குப் பெங்களூரில் ஒரு வெளிநாட்டு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "சோறு போட்ட இடத்தை விட்டுப் போகிறவன் நாளைக்கு எதையும் விட்டுப் போவான். ஜப்பான்காரனைப் பார், ஒரே கம்பெனியில் வாழ்ந்து முடிக்கிறான்" என்கிறார். எங்கள் தலைமுறைக்கு விசுவாசமே இல்லையா?
– பெயர் வேண்டாம் என்கிற வாசகர், கோத்தகிரி பக்கம்

பதில்: தம்பி, அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அவர் செட்தான். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கி, அப்புறம் ஊர் ஊராகக் கிளை திறந்து ஆள் எடுத்த காலத்தில், ஒரு அட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு பையன் பேங்கில் சேர்ந்தால் அந்த வீட்டுக்கே 'பேங்க்காரர் வீடு' என்று பெயர் மாறிவிடும். பச்சைத் தேயிலை விலை விழுந்து ஊரே கையைப் பிசையும் வருடத்திலும் அந்த ஒரு வீட்டில் சம்பளம் வந்துகொண்டிருக்கும். அந்த மரியாதையை அனுபவித்தவர் வங்கியைத் தாய் வீடு மாதிரி நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அப்பா உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. வங்கி ஊழியர்களுக்கான பென்ஷன் விதிகள் 1995-ல் வந்தன. அவற்றின்படி, ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த சர்வீஸ் அத்தனையும் அழிந்துபோகும். பத்துப் பதினைந்து வருடம் உழைத்துவிட்டு 'போய் வருகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் பென்ஷனை மறந்துவிட வேண்டியதுதான். இருபது வருடம் முடித்து விருப்ப ஓய்வு வாங்கினால்தான் தப்பிக்கலாம். கூடவே ஸ்டாஃப் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடன் வேறு, வேலையை விட்டால் அதைக் கட்டி முடிக்க வேண்டும் அல்லது ஊரார் கட்டும் வட்டிக்கு மாற வேண்டும். காலில் இப்படி இரண்டு கயிறு இருந்தால் யாருமே விசுவாசமாகத்தான் இருப்பார்கள். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த உங்களுக்கு அந்தப் பென்ஷன் இல்லை, என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டம்தான், அது நீங்கள் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். கயிற்றை அவிழ்த்தது நீங்கள் இல்லையே.

வங்கிகளும் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் உருகிவிடவில்லை. 2000-01-ல் அரசு வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைப் பணம் கொடுத்து அனுப்பின. 2020 ஏப்ரல் 1 அன்று காலையில் சிண்டிகேட் வங்கிக்காரர் கனரா வங்கிக்காரராகவும், அலகாபாத் வங்கிக்காரர் இந்தியன் வங்கிக்காரராகவும் கண் விழித்தார்கள். அதே வருடம் நவம்பரில், 1926-ல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது, பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. முப்பது வருடம் ஒரு பெயருக்கு விசுவாசமாக இருந்தவர், போர்டை மாற்றிய மறுநாள் யாருக்கு விசுவாசமாக இருப்பார், சொல்லுங்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், ஊட்டி இந்து நகருக்குப் போய் ஹெச்.பி.எஃப். என்கிற ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர் யாரையாவது கேளுங்கள். அந்த ஆலையை ஊழியர்கள் கைவிட்டதால் மூடவில்லை, ஃபிலிம் ரோலையே உலகம் கைவிட்டது.

இனி ஜப்பான். வாழ்நாள் வேலை என்பது அங்கே பெரிய நிறுவனங்களில், நிரந்தர ஊழியருக்கு, அதிலும் பெரும்பாலும் ஆண்களுக்கு, போருக்குப் பிறகு நிலைபெற்ற ஏற்பாடு. சின்னப் பட்டறைக்காரருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அது எட்டவே இல்லை. கல்லூரி முடித்த கையோடு ஏப்ரலில் மொத்தமாகச் சேர்ப்பார்கள், இளவயதில் சம்பளம் குறைவு, வயது ஏற ஏற அதிகம். நடுவில் விட்டால் இளமையில் விட்டுக்கொடுத்தது எல்லாம் நஷ்டம், நாற்பது வயதுக்காரரை வேறு பெரிய கம்பெனி எடுக்கவும் யோசிக்கும். நம் ஊரில் பென்ஷன் விதி செய்த வேலையை அங்கே சம்பள அட்டவணை செய்தது, அவ்வளவுதான்.

அப்படி இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் பார்த்துவிடலாம். யமாய்ச்சி என்று ஒரு பங்கு வர்த்தக நிறுவனம், 1897-ல் தொடங்கியது, அந்த நாட்டின் நான்கு பெரிய நிறுவனங்களில் ஒன்று. சரியாக நூறு வருடம் கழித்து, 1997 நவம்பரில், மேலே இருந்தவர்கள் பல வருடமாக மறைத்து வைத்திருந்த 20,000 கோடி யென்னுக்கும் அதிகமான நஷ்டம் வெளியே வந்து கடையை மூடினார்கள். தலைவர் ஷோஹெய் நொசாவா பத்திரிகையாளர்கள் முன் எழுந்து நின்று, தப்பு எங்களுடையது, ஊழியர்கள் மேல் தப்பில்லை என்று தேம்பி அழுதார். அந்தப் பதவிக்கு வந்தே சில மாதங்கள்தான், பாவம், நல்ல மனிதர் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை திரும்பி வரவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. பெரும்பாலும் காரணம் சொல்லாமல் இன்றைக்கே அனுப்பலாம், நீங்களும் இன்றைக்கே கிளம்பலாம். அதனால் விசுவாசத்தை அங்கே ஷேராகக் கொடுத்து வாங்கினார்கள். பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள் கையில் இருந்தது. 2007 தொடக்கத்தில் ஒரு ஷேர் 170 டாலர், 2008 மார்ச்சில் ஜே.பி. மார்கன் அதற்குக் கேட்ட விலை 2 டாலர், அப்புறம் பெரிய மனது பண்ணி 10.

ஆகவே போங்கள். போகும் முன், சேரும்போது எழுதிக் கொடுத்த பாண்டை (இத்தனை வருடம் இருப்பேன் என்ற ஒப்பந்தம்) தேடி எடுத்துப் படியுங்கள். விஜயா வங்கியில் மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டதற்காக 2 லட்சம் ரூபாய் கட்ட நேர்ந்த ஒரு அதிகாரியின் வழக்கில், அந்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் காலத்தை முழுசாகப் பாருங்கள், ரிலீவிங் ஆர்டரைக் கையில் வாங்காமல் மலை இறங்காதீர்கள். அப்புறம் அப்பா. கவனித்துப் பாருங்கள், அவர் பழைய கதை சொல்லும்போது தலைமை அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பயிர்க்கடன் கொடுத்துத் தூக்கிவிட்ட விவசாயி, கேஷில் பணம் குறைந்த அன்று ராத்திரி ஒன்பது மணி வரை கூட உட்கார்ந்து எண்ணிய கேஷியர், இவர்கள்தான் வருவார்கள். அந்தக் கதைகளை உட்கார்ந்து கேளுங்கள், பாதிக் கோபம் போய்விடும். என் பெயரை மட்டும் இழுக்க வேண்டாம்.

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டில் ஒரு பெரிய வங்கியில் இருக்கிறாள். அங்கே ஐந்தரை மணிக்கு ஆபீஸ் காலியாம். அவளுடைய மேனேஜர் மூன்று வாரம் சேர்ந்தாற்போல் லீவில் போனார், போனே எடுக்கவில்லையாம். இங்கே என் அண்ணன் மகன் வங்கியில் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறான். இவ்வளவு சோம்பேறியாக இருந்து அந்த நாடு எப்படி முன்னேறியது?
– வாசகி, கூடலூர்

பதில்: சோம்பேறித்தனம் இல்லை அம்மா, சட்டம். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு லீவு என்று அங்கே சட்டமே இருக்கிறது, பெரிய நிறுவனங்களில் ஒப்பந்தப்படி 30 நாள் வரை போகும். 2,000 பேருக்கு மேல் உள்ள கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு என்று 1976-ல் சட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று தேசிய அளவில் ஒரு சட்டமும் இல்லை, அங்கே லீவு எடுக்கவே பயப்படுகிறார்கள். ஜப்பானில் ஊழியர் தானாக எடுக்காததால், வருடத்துக்கு 5 நாளாவது எடுக்க வைப்பது முதலாளியின் கடமை என்று 2019-ல் விதி கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் இரத்தத்தில் ஊறிய குணம் என்று சொல்வதை நான் நம்புவதில்லை. நான் சொல்வதற்கு நல்ல சாட்சி டாய்ச்சு வங்கி. 2019 ஜூலையில் 18,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஹாங்காங்கிலும் திங்கட்கிழமையே பலர் பெட்டியைக் கட்டினார்கள், ஜெர்மனியில் ஊழியர் குழுவோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. வங்கி ஒன்று, முதலாளி ஒருவர், ஊர்தான் வேறு.

அந்த மூன்று வார லீவு வங்கிக்கும் நல்லது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். லீவே எடுக்காத ஊழியரைத் தட்டிக் கொடுப்பது நம் வழக்கம், ஆய்வுக்கு வரும் இன்ஸ்பெக்டர் முதலில் அவர் மேஜையைத்தான் பார்ப்பார். பிரான்சின் சொசியேத்தே ஜெனரால் வங்கிக்கு 2008 ஜனவரியில் 490 கோடி யூரோ நஷ்டம் வைத்த ஜெரோம் கெர்வியேல், அதற்கு முந்தின வருடம் கிட்டத்தட்ட லீவே எடுக்காதவர். தான் இல்லாத நாளில் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடுமே. அதனால்தான் நம் ரிசர்வ் வங்கியும், முக்கியமான இடங்களில் இருப்பவர்களை வருடத்தில் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாளாவது லீவில் அனுப்பச் சொல்கிறது. உங்கள் அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை ஓடுவது பெரும்பாலும் இன்சூரன்ஸ் விற்கத்தான் இருக்கும். மார்ச் 31 ராத்திரி பாலிசி எண்ணிக்கை கேட்டு மேலிடத்திலிருந்து வரும் போனுக்கு நானும் பதில் சொல்லியிருக்கிறேன், எந்த வங்கி என்று கேட்காதீர்கள். அந்த மாதிரி நெருக்கடியில்தான் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குத் திறந்தார்கள். 2016-ல் அது வெடித்தபோது சுமார் 5,300 பேர் வேலை போயிருந்தது, பெரும்பாலும் கவுன்டரில் நிற்கிறவர்கள்.

கேள்வி: எங்கள் கிளைக்கு வரும் மேனேஜர் எல்லாம் சமவெளிக்காரர்கள். தேயிலைக்கு எப்போது கவாத்து, கேரட்டுக்கு எப்போது பணம் வேண்டும் என்று புரிந்துகொள்ளும்போது மாற்றல் வந்துவிடுகிறது. மலைக்காரரையே போட்டால் என்ன?
– விவசாயி, கேத்தி

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் உங்களிடம் விசுவாசமாகிவிடக் கூடாது என்பதற்காகவேதான் மாற்றுகிறார்கள்! மேனேஜர் ஒரே ஊரில் வேர் பிடித்தால் மச்சானுக்கும் நண்பனுக்கும் கடன் போகும் என்ற பயம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் என்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு அதுதான், அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. வருகிறவருக்கு 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களுக்கான மலைப்படி கிடைக்கும், ஊட்டி 2,240 மீட்டர் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதல். இருந்தும் குடும்பம் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருக்கும். இரண்டாவது, நான்காவது சனிக்கு முந்தின வெள்ளி மாலை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பாருங்கள், பாதிப் பேர் வங்கிக்காரர்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: மேனேஜரை விடுங்கள், கிளார்க்கைப் பிடியுங்கள். கிளார்க்குகளுக்கு இவ்வளவு மாற்றல் கிடையாது, பலர் ப்ரொமோஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு இருப்பவர்கள். கிளையின் ஞாபகசக்தி அவர்கள்தான்.

கேள்வி: நாற்பது வருடமாக ஒரே வங்கியில் கணக்கு வைத்திருக்கிறேன். இந்த விசுவாசத்துக்கு ஏதாவது சலுகை உண்டா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: காலண்டர் கொடுப்பார்கள், சீக்கிரம் போனால். மற்றபடி வங்கி விழுந்தால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு, 2020 பிப்ரவரியிலிருந்து. நாற்பது வருடக்காரருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் அதே 5 லட்சம். அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கியில் பிரித்து வையுங்கள்.

கேள்வி: வங்கித் தேர்வு எழுதுகிறேன். "எங்கள் வங்கியில் எத்தனை வருடம் இருப்பாய்?" என்று இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வது?
– வாசகி, அருவங்காடு

பதில்: அரசு வங்கிகளுக்குப் பொதுவாகத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். வழியாக அதிகாரி வேலைக்குப் போனால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லையம்மா, எந்த வங்கி என்பதே இன்டர்வியூ முடிந்து, மார்க்கையும் நீங்கள் எழுதிய விருப்ப வரிசையையும் பார்த்துத்தான் ஒதுக்குவார்கள். கிளார்க் வேலைக்கு இன்டர்வியூவே கிடையாது. ஸ்டேட் வங்கி தனியாக நடத்துகிறது, அங்கே கேட்கலாம். ரிட்டயர் ஆகும்வரை என்று சொன்னால் போர்டில் இருப்பவர்களே நம்ப மாட்டார்கள். வேலை பிடித்திருந்து, கற்றுக்கொள்ள இருக்கும்வரை இருப்பேன் என்று சொல்லுங்கள். போவதற்கு முன் பக்கத்துக் கிளையில் ஒரு காலை நேரம் நகைக் கடன் கவுன்டர் அருகே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போங்கள், பேசுவதற்கு நிறைய கிடைக்கும்.