மழை பிடித்தால் பொங்கும் மலக்குழியும் கீழே ஓடும் ஓடையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லயத்தில் பத்து வீட்டுக்கும் ஒரே செப்டிக் தாங்கி. வெயில் காலத்தில் தொல்லையே இல்லை. மே மாத மழை பிடித்தால் மூடியோரமாகப் பொங்கி, கானில் இறங்கி ஓடைக்குப் போய்விடுகிறது. தாங்கியைப் பெரிதாகக் கட்டினால் தீருமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: கட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். பத்து வீட்டுக் கூரை 200 சதுர மீற்றர் என்று வைத்தால், 50 மி.மீ. பெய்யும் நாளில் 10,000 லீற்றர். ஐம்பது பேர் ஆளுக்கு 80 லீற்றர் பாவித்தாலும் ஒரு நாள் கழிவுநீர் 4,000 லீற்றர்தான். கூரைப் பீலியின் குழாயை யாரோ மலசலகூடக் குழாயோடு சேர்த்திருந்தால், எவ்வளவு பெரிய தாங்கியும் தாங்காது. வெயிலில் பொங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மழைநீர் உள்ளே வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மழையில்லாத நாளில் கேசரிப் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பீலிக் குழாயில் ஊற்றுங்கள். பின்னால் இரண்டு வாளி வெறும் தண்ணீர் விடுங்கள். தாங்கி மூடியைச் சற்று விலக்கி, எட்ட நின்று பாருங்கள். குனிய வேண்டாம், நெருப்பு கிட்டவே வரக்கூடாது. நிறம் வந்தால் அந்த இணைப்பை வெட்டி, மழைநீரைத் தனிக் கானில் விடுங்கள். முற்றத்துக் கானுக்கும் இதே சோதனைதான். மேன்ஹோல் மூடிகள் தரைமட்டத்தில் இருந்தால் 15 செ.மீ. உயர்த்திக் கட்டி, விளிம்பைச் சீமெந்தால் பூசுங்கள். தாங்கிக்கு மேற்பக்கச் சரிவில் ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் கான் வெட்டினால் மலையிலிருந்து வழியும் தண்ணீர் ஒதுங்கிப் போகும்.

அடுத்தது சேறு. நீண்ட கம்பில் பழைய வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் கழித்து எடுங்கள். துணியில் கறுப்பு படிந்த உயரமும் தண்ணீரின் மேல் ஆடைபோல் மிதக்கும் கழிவுப் படலமும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒன்றைத் தொட்டால் கழிவை உறிஞ்சும் பவுசர் வண்டியைக் கூப்பிட வேண்டிய நேரம். மலைக் குளிரில் சேறு மெதுவாகத்தான் மக்கும். இத்தனை வருடத்துக்கு ஒரு தடவை அள்ளலாம் என்ற சமவெளிக் கணக்கை இங்கே நம்பாதீர்கள். ஆளை உள்ளே இறக்கவே கூடாது. அந்த வாயு ஒரே மூச்சில் ஆளை விழுத்தும், தூக்கப் போனவரையும் சேர்த்தே கொல்லும். தாங்கியின் வெளிவாய்க் குழாயில் 'டி' (T வடிவ இணைப்பு) உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்தப் படலமும் கட்டியும், தாங்கித் தண்ணீரை மண்ணில் இறங்க விடும் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும். அடைத்த குழியைச் சுத்தம் செய்து மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். புதுக் குழியை ஓடையிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி வெட்டுங்கள். செங்குத்துச் சரிவில் ஆழக் குழியை விட, சரிவுக்குக் குறுக்காக ஒரே மட்டத்தில் போகும் ஆழம் குறைந்த நீளக் குழியே நல்லது. ஆழக் குழியின் தண்ணீர் கீழ்வரிசை வீட்டுக்குப் பின்னால் கசிந்து வெளிவரும்.

கேள்வி: பொங்கி ஓடும்போது உடனே என்ன செய்வது? ஓடையில் பிளீச்சிங் பவுடர் போடலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: ஓடையில் போடவே வேண்டாம். குளோரின் மீன்குஞ்சையும் தவளைக் குஞ்சையும் கொல்லும். கட்டிக் கழிவுக்குள் இருக்கும் கிருமியைத் தொடாது. தாங்கிக்குள்ளும் கொட்டாதீர்கள், கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர் செத்துவிடும். முதல் வேலை, கீழே ஓடைப் பீலியில் குளிக்கிற, தண்ணீர் பிடிக்கிற ஆட்களுக்குச் சொல்லி அனுப்புவது. மேல்வீடுகள் தண்ணீர் பாவிப்பதைக் குறைக்கட்டும். கானின் வாயை மண்மூட்டையால் அடைத்து, தேங்குவதை ஓடைக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். மழை விட்டபின் கட்டியைச் சுரண்டிப் புதைத்து, அந்த மண்ணில் மட்டும் சுண்ணாம்பு தூவுங்கள். குழாயால் அடித்துக் கழுவினால் எல்லாம் மறுபடி ஓடைக்கே போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அன்றைக்கே அறிவியுங்கள். குடிநீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

கேள்வி: ஓடை தேறிவிட்டதா என்று எப்படித் தெரியும்?
– மாணவி, பண்டாரவளை

பதில்: பொங்கிய இடத்துக்குக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் உள்ளங்கையளவு கற்களைக் கையுறை போட்டுப் புரட்டிப் பாருங்கள். கல்லில் சாம்பல் நிறப் பஞ்சு போல வழுவழுப்புப் படிந்து, சேற்றில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் கழிவு இன்னும் வருகிறது. மேலே உள்ளதைப் போலவே கீழேயும் மூன்று வால் கொண்ட சிறு பூச்சிகள் கல்லோடு ஒட்டி ஓடினால் தண்ணீரில் ஒட்சிசன் திரும்பியிருக்கிறது. ஆனால் பூச்சி வந்துவிட்டது என்பதற்காகக் குடித்துவிடாதீர்கள். கிருமியைப் பூச்சி காட்டிக் கொடுக்காது.